தகர வேலிக்கு மேலாலை ஒரு சிக்னல்

காத்தையும் மழையையும் அளக்கிற கருவிக்குச் சிக்னல் எடுத்துக் குடுக்கிறதுதான் என்ரை தொழில். சிரிக்கிறவை சிரிச்சு முடியட்டும், நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். போனைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சு, "இப்ப கேக்குதோ, இப்ப கேக்குதோ" எண்டு வளவு முழுக்கச் சுத்தின ஆக்களுக்கு என்ரை பாடு விளங்கும். மற்றவைக்குச் சொல்லி வேலையில்லை.

சாமான் ரெண்டு துண்டு. ஒண்டு தோட்டத்திலை நிண்டு காத்து, மழை, வெக்கை எல்லாம் அளக்கும். மற்றது வீட்டுக்கை இருந்து அந்த இலக்கத்தைக் காட்டுற பெட்டி. நடுவிலை வயர் கிடையாது, அலை மட்டும்தான். அலை வராட்டில் இலக்கத்துக்குப் பதிலா வெறும் கோடு நிக்கும்.

உரும்பிராயிலை ஒரு சின்னக் கமக்காரர் சங்கத்துக்கு, வெளிநாட்டிலை இருக்கிற ஊர்ச்சனம் எட்டுச் சாமான் அனுப்பியிருந்தினம். எட்டு வீட்டிலையும் கோடு. கொக்குவிலிலை போன் திருத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டினம். தலைவர் முதல் நாளே சொல்லிப்போட்டார்: தை மாசக் கூட்டத்துக்கு முதல் எட்டும் வேலை செய்யோணும், இல்லாட்டில் எல்லாத்தையும் கழட்டி வேறை ஊருக்குக் குடுத்திடுவினமாம். நான் ஓம் எண்டன். இவளாலை ஏலாது எண்டு எழுதியிருந்த அவரின்ரை முகத்தைப் பாத்தாப் பிறகு இல்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

ஏணி

முதல் வீட்டிலை கருவியைத் தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை, கூரைத் தகரத்தோடை ஒட்டிக் கட்டியிருந்தினம். அங்கையிருந்து அலை எங்காலை வாறது? ஏணியைச் சாத்தினன். மேற்பார்வை பாக்க வந்த தலைவர், "ஏற ஒரு ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே தங்கச்சி" எண்டார். "ஏற நான் இருக்கிறன், பிடிக்கத்தான் ஆள் இல்லை, நீங்கள் பிடியுங்கோ ஐயா" எண்டிட்டு விறுவிறெண்டு ஏறிட்டன். பாவம், விடவும் ஏலாமல் போகவும் ஏலாமல் மனுசன் அரை மணித்தியாலம் ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

கருவியைக் கழட்டி, வீட்டுப் பக்கம் பாக்கிற மாதிரி வெளியான இடத்திலை குழாய் நட்டுப் பூட்டினன். பெட்டியிலை இலக்கம் வந்திட்டுது. வீட்டுக்காரர் பெட்டியைப் பாக்கேல்லை, தலைவரைத்தான் பாத்தார். "தலைவர், சங்கத்திலை உங்களை எத்தினை வருசமாப் பாக்கிறன், இண்டைக்குத்தான் ஒரு வேலை செய்து கண்டனான்."

நனையாத மழைக் கருவி

அடுத்த வீட்டிலை தோட்டம் முழுக்கத் தேடியும் கருவியைக் காணேல்லை. கடைசியிலை பம்ப் வைக்கிற தகரக் கொட்டிலுக்கை, சொப்பிங் பாக்காலை சுத்தி, மேலை ஒரு சாக்கும் போட்டபடி இருந்துது. நாலு பக்கமும் தகரம், மேலையும் தகரம். இதுக்கை நிண்டு நான் கத்தினாலே வெளியிலை கேக்காது, அலை எப்பிடிப் போகும்?

வெளியிலை கொண்டுவந்து நடுத் தோட்டத்திலை நாட்டினன். வீட்டுக்கார ஐயா பக்கத்திலை நிண்டு பதைச்சுக்கொண்டிருந்தார். இது மழையை அளக்கிற சாமான், நனைஞ்சாத்தான் வேலை செய்யும் எண்டு ரெண்டு தரம் சொன்னன். தலையை ஆட்டிப்போட்டுச் சொன்னார்: "அது சரி பிள்ளை, மாரி முடியுமட்டும் உள்ளை இருக்கட்டும், பிறகு வெளியிலை வைப்பம்."

பூட்டின அலுமாரி

ஒரு ரீச்சர் வீட்டிலை கருவி வடிவா நிக்குது, பற்றரியும் புதுசு, எண்டாலும் சிக்னல் இல்லை. பெட்டி எங்கை எண்டு கேட்டன். இடுப்பிலை இருந்த திறப்பை எடுத்து, அறைக்கை போய், இரும்பு அலுமாரியைத் திறந்து, நகைப் பெட்டிக்குப் பக்கத்திலையிருந்து எடுத்துக்கொண்டு வந்தா. எனக்கு வாயிலை வந்ததை விழுங்கிப்போட்டன், நான் படிச்ச காலத்திலை எனக்கு அடிச்ச ரீச்சர்.

யன்னல் கரையிலை வைச்ச உடனை இலக்கம் ஓடத் துவங்கிட்டுது. இரும்பு மறைச்சால் அலை வராது எண்டு சொல்லிக் குடுத்தன். ரீச்சருக்குச் சந்தோசம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். கடைசியிலை ஒரு முடிவுக்கு வந்தா. "நீ போறதுக்கு முதல் அந்த யன்னலுக்கு ஒரு கம்பி வலையும் அடிச்சு விட்டிட்டுப் போ, அவ்வளவும்தான் கேக்கிறன்."

ஆரின்ரை ஆகாயம்

மழைக் கருவி ஐயாவையும் ஒருமாதிரிச் சம்மதிக்க வைச்சு ஏழு வீடு முடிஞ்சுது. எட்டாவது புஸ்பமக்கா வீடு. அவவின்ரை மனுசன் விழுந்து இடுப்பு முறிஞ்சு ரெண்டு வருசமாக் கட்டிலிலை. அவரைத் தனிய விட்டிட்டு அவ அடிக்கடி தோட்டத்துக்கு ஓடேலாது. பயிருக்கு மருந்தடிக்க ஆளைக் கூப்பிட்டாப் பிறகு போய்ப் பாத்தால் காத்துச் சுழட்டி அடிக்கும், வந்த ஆள் திரும்பிப் போயிடுவான். இந்தப் பெட்டி உண்மையிலை ஆருக்காவது வேணும் எண்டால் அது இவவுக்குத்தான்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவிலை வேறை ஒரு ஐயாவின்ரை வளவு. சுத்திவர ஏழடித் தகர வேலி. ஒரு தகரத்தைக் கழட்டிப்போட்டு, அலை போற மாதிரித் தென்னோலைக் கிடுகு கட்டித் தாறன் எண்டு பணிவாக் கேட்டன். "என்ரை வளவுக்காலை உங்கடை அலை போக நான் எப்ப சம்மதம் தந்தனான்?" எண்டார். எல்லைக் கல்லிலை வழக்காடினவையைக் கண்டிருக்கிறன், அலைக்கு வழக்காடினவரை அண்டைக்குத்தான் கண்டன். "நீங்கள் பாக்கிற ரீவிக்கு எத்தினை பேரின்ரை வளவுக்காலை அலை வருது, அவை எல்லாரிட்டையும் நீங்கள் சம்மதம் கேட்டனீங்களோ?" எண்டு நானும் விடேல்லை. அவர் அண்ணாந்து வேலியின்ரை உச்சியைப் பாத்தார். "வேலிக்குக் கீழை என்ரை. மேலை என்ன செய்தாலும் செய், ஆகாயத்துக்கு என்னட்டை உறுதிப் பத்திரம் இல்லை."

அது எனக்குக் காணும். அண்டு பின்னேரமே தோட்டத்திலை பதினைஞ்சடிக் குழாயை நாட்டி, உச்சியிலை கருவியைப் பூட்டினன். பெட்டியைக் கட்டிலடி யன்னலிலை வைச்சன். அவவின்ரை மனுசன், அந்த அண்ணை, அதைப் பாத்துக்கொண்டே கிடந்தார். "காத்துக் குறைஞ்சிட்டுது புஸ்பம், நாளைக்கு ஆளைக் கூப்பிடு."

கூட்டம்

எட்டும் வேலை செய்யுது எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனன். போனால், தலைவர் எட்டு வீட்டுக்காரரிட்டையும் பெட்டியைக் கழட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மண்டபத்து மேசையிலை எட்டுப் பெட்டி வரிசையா. எட்டிலையும் கோடு. "பாருங்கோ, ஒண்டும் இல்லை. வேறை ஊருக்குக் குடுக்கிற தீர்மானத்தை எழுதுங்கோ" எண்டார். கருவி எல்லாம் தோட்டத்திலை நிக்குது, மண்டபம் எங்கை, தோட்டம் எங்கை! எனக்கு வந்த விசருக்கு மேசையைப் புரட்டியிருப்பன். விளங்கப்படுத்தினன். "சாக்குச் சொல்லாதை" எண்டார்.

புஸ்பமக்கான்ரை பெட்டியைத் தூக்கினன். "எழுதுறதுக்கு முதல் எல்லாரும் புஸ்பமக்கா வீட்டுக்கு நடவுங்கோ. எட்டிலையும் கஸ்டமான வீடு இது. இதிலை இலக்கம் வராட்டில் எட்டையும் நானே கழட்டித் தாறன்" எண்டன். சனம் எழும்பிட்டுது, தலைவரும் வராமல் இருக்கேலாது. இருபது பேர் அந்தச் சின்ன அறைக்கை. பெட்டியை யன்னலிலை வைச்சு, பொத்தானை அமத்திப் பிடிச்சுத் தேட விட்டன். ஒரு நிமிசம் கோடு. ரெண்டு நிமிசம் கோடு. தலைவர் வாசல் பக்கம் திரும்பிட்டார். மூண்டாவது நிமிசம் இலக்கம் விழுந்துது.

கட்டிலிலை கிடந்த அண்ணைதான் தலையைத் திருப்பி வாசிச்சார், பிறகு தலைவரைப் பாத்தார். "வாடை கடுமையா அடிக்குது, இண்டைக்கு ஒருத்தரும் மருந்தடிக்காதேங்கோ, மற்றது தலைவர், இனிக் கூட்டம் கீட்டம் எண்டு இந்தப் பெட்டியைத் தூக்காதேங்கோ, ரெண்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் தோட்டத்துக்குப் போனனான், காலமை இதைக் கொண்டுவரச் சொல்லி அங்கையிருந்து என்னைக் கலைச்சுப் போட்டியள்."

இப்ப தலைவரும் தன்ரை வீட்டுக்கு ஒரு பெட்டி எடுப்பிச்சு, சிக்னல் வரேல்லை எண்டு மூண்டு தரம் போன் அடிச்சிட்டார், நான் இன்னும் போகேல்லை.