சத்தம் போடாத ஜெனரேட்டர்

கரண்டு கம்பி என் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் அண்ணன் நிலத்தில் இரண்டு கம்பம் நட வேண்டும். அதற்கு அவரிடம் போய்க் கேட்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை அடி வரப்புக்காக நாங்கள் பேச்சை நிறுத்தியிருந்தோம். விழுப்புரத்தில் முப்பது வருடம் அடுத்தவர்களின் நிலத் தகராறுகளை ஃபைலில் கட்டித் தீர்த்துவைத்த உத்தியோகஸ்தன் நான். ஓய்வுபெற்று, ஓமந்தூர் பக்கம் என் பங்கில் வீடு கட்டி, கூரை முழுக்க சோலார் தகடு போட்டேன். "சூரியனுக்கு யாரு கையெழுத்தும் வேணாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அண்ணன் காதுக்குப் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் தன் நிலத்தில் சவுக்கு வைத்திருந்தார். என் ஜன்னலுக்கு நேரே மட்டும் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குக் கன்றே நடாமல் விட்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "விவசாயம் பண்ற லட்சணத்தப் பாருங்க" என்பேன்.

முதல் ஐப்பசியே என் வாயை அடைத்தது. நாலு நாள் விடாத மழையில் பேட்டரி படுத்துவிட்டது.

"ஏங்க, ஒண்ணு உங்க அண்ணங்கிட்ட போய்க் கேளுங்க, இல்ல ஒரு ஜெனரேட்டர் வாங்குங்க. இருட்டுல அம்மியில அரைக்க என்னால ஆவாது" என்றாள் மனைவி. இரண்டில் சுலபமானதைத் தேர்ந்தெடுத்துத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முறையாகத்தான் ஆரம்பித்தார். "பேட்டரி சார்ஜ் ஏத்துனா போதுமா, தண்ணி மோட்டாரும் ஓட்டணுமா? மோட்டாரு எடுக்கறப்போ மூணு மடங்கு இழுக்கும் சார். டீசல் எடுத்துக்கினு போங்க, கவலையே இல்ல."

நான் கேட்டது ஒன்றே ஒன்று, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று. அவர் டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டார். நான் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த பேக்கரி வாசலில் நின்று காது கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் ஒவ்வொன்றாக ஓடவிட, நான் ஒவ்வொரு தடவையும் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டினேன்.

"எல்லாரும் எவ்ளோ லோடு இழுக்கும்னு கேப்பாங்க. நீங்க ரோட்ல நின்னுக்கினு காது குடுக்குறீங்களே சார்" என்றார். அண்ணனின் மாட்டுக்கொட்டகை என் வீட்டிலிருந்து எத்தனை அடி என்பதை அவருக்கு எப்படி விளக்குவது. கடைசியில் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். மோட்டாரை இழுக்காது, ஆனால் முனகலோடு சரி.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா ஓட வுடுங்க சார். சும்மா வச்சா பெட்ரோலு கெட்டுப்பூடும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் ஓட்டியபோது அந்த முனகல்கூட ஊருக்கே கேட்பதுபோல இருந்தது. சூரியன் போதவில்லை என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே. நிறுத்தி, கோணி போட்டு மூடிவைத்தேன். மேகமூட்டமான நாட்களில் ஃபேனை அணைத்துவிட்டு, இயற்கைக் காற்று உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே விசிறியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருட மழையில் மறுபடியும் பேட்டரி படுத்தது. வீடு மூன்று நாள் இருண்டு கிடந்த பிறகு கோணியை எடுத்தேன். கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழலும்வரை இழுத்தேன். அது தும்மக்கூட இல்லை. நிமிர்ந்தால், தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.

"மூணு நாளா உன் வூட்ல லைட்டே எரியல" என்றார்.

வேறெதுவும் கேட்காமல் உட்கார்ந்து, பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். "மருந்தடிக்கிற மிஷினும் இப்டிதான் பேஜாரு பண்ணும்." புதுப் பெட்ரோல் ஊற்றி இரண்டாவது இழுப்பில் ஓடவிட்டார். உள்ளே லைட் எரிந்தது.

துண்டில் கையைத் துடைத்தபடி சவுக்குத் தோப்பைப் பார்த்தார். "கம்பம் நட எடம் வுட்டுதானேடா சவுக்கு வச்சேன். நீ வந்து கேப்பேன்னு பாத்துக்கினு இருக்கேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த டீசலை வாங்கியிருந்தாலாவது காதில் விழாததுபோல நின்றிருக்கலாம். நான் ரோட்டைத் தாண்டித் தாண்டிப் பொறுக்கி எடுத்தது, சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப கேக்குறேண்ணா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு நன்றாகவே கேட்டது.