பிரிவுப் பரிசாக வந்த லேப்டாப்

அந்த லேப்டாப்பை முதலாளி என் கையில் கொடுத்த அன்று நான் அழுதேன். பிறகு நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, வேறு எதையும்விட அந்த அழுகைதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

விழுப்புரத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய பிளக்ஸ் பேனர் கடை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சாவு என்று யார் எதற்காக வந்தாலும் டிசைன் செய்து கொடுப்பது என் வேலை. திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். என் பக்கத்து நாற்காலியில் இன்னொரு டிசைனர் இருந்தான். என்னைவிடச் சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான். மெஷினில் கோளாறு என்றால் அவன் பார்ப்பான். எழுத்தில் கோளாறு என்றால் நான் பார்ப்பேன். மணமக்களுக்கு எந்த ண, மனமார்ந்த வாழ்த்துக்கு எந்த ன என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மதியம் இரண்டு பேரும் சோற்றைப் பகிர்ந்துகொள்வோம். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையில் நான் அரைக்கும் துவையலுக்கு அவன் அடிமை.

ரயிலில் நின்று நின்று கால் வீங்க ஆரம்பித்ததும், ஊரிலேயே சொந்தமாகக் கடை போடலாம் என்று முடிவு செய்தேன். முதலாளியிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடைசி நாளன்று நான் உட்கார்ந்து வேலை செய்த லேப்டாப்பையே எடுத்து நீட்டினார்.

"உன் கை பழகுன மெஷினு. வேற எவன் கைக்கும் இது ஒத்துவராது. எடுத்துக்கினு போம்மா. நல்லா இரு."

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரன்தான் அதைப் பையில் போட்டு, சார்ஜர் ஒயரைச் சுற்றி, ரயில் நிலையம் வரை தூக்கிவந்து கொடுத்தான்.

எங்கள் ஊரிலேயே மரக்காணம் சாலையில் ஓர் அறை பிடித்தேன். டிசைன் மட்டும் நான் செய்வது, அச்சுக்கு நாலு கடை தள்ளி இருக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. முதல் வாரமே லேப்டாப் தன் வேலையைக் காட்டியது. டிசைனைத் திறந்து எழுத்தெல்லாம் உட்கார வைத்து, பூ வைத்து, படத்தை வெட்டி ஒட்டும் நேரத்தில் திரை கறுப்பாகும். பிறகு ஒன்றும் நடக்காதது போல முதலிலிருந்து ஆன் ஆகும். சேமிக்காதது எல்லாம் போயிருக்கும்.

சூடு என்று நினைத்தேன். அடியில் ஃபேன் வைத்த ஸ்டாண்டு வாங்கினேன். சார்ஜர் என்று நினைத்தேன். வேறு சார்ஜர் போட்டேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேர் கரண்டில் ஓட்டினேன். லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் உள்ளே திறந்து தூசியை ஊதினார், சூடு தணிக்கும் பசையை மாற்றினார், மெமரியை மாற்றிப் போட்டார்.

"போர்டு போச்சும்மா. பேஜாரு புடிச்ச மெஷினு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு."

முதலாளிக்கே போன் செய்தேன். நான் அவரை அவ்வளவு நம்பினேன்.

"இங்க இருந்தப்ப ஒரு நாளு கூட நின்னதில்லியேம்மா. ஊரு தண்ணி ஒத்துக்கலியோ இன்னாவோ," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கஷ்டமா இருந்தா வந்துரு. உன் சீட்டு காலியாத்தான் கெடக்குது" என்றார். அந்தக் கரிசனத்துக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஒரு காலையில் ஓமந்தூரிலிருந்து ஒருவர் வந்தார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தார். முந்தின நாள் அவருடைய அம்மா இறந்துவிட்டார். மதியம் எடுக்கிறார்கள், அதற்குள் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். செல்போனில் ஒரே ஒரு படம் வைத்திருந்தார். கழனியில் கையில் நாற்று முடியோடு அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்த படம். பின்னால் இருந்த சேற்றையும் வரப்பையும் வெட்டி எடுத்து, நீல வானம் வைத்து, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பிடித்தாங்க, அப்பிடியேதான் இருப்பாங்க" என்றார். திரை அணைந்தது.

மறுபடி வந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை அடிக்கடி சேமித்தேன். சேமித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. கோப்பு கெட்டுப்போய்த் திறக்கவில்லை. மூன்றாம் தடவை அவசரத்தில் பேரன் பேத்திகள் பெயரையெல்லாம் தப்புத்தப்பாக அடித்தேன். அவருக்கு வீட்டிலிருந்து போன் மேல் போன். "ஜல்தியா ஆவுமாங்க?" என்று கேட்டவர், ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் உட்கார முடியாது என்று, முடிந்ததும் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிரஸ்ஸில் பேனர் காய்ந்துகொண்டிருந்தபோது அவரே போன் செய்தார்.

"எடுத்துட்டோம்மா. இனிமே வேணாம்."

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த பேனரைச் சுருட்டி அறையின் மூலையில் நிறுத்தினேன். ஒரு வாரம் அந்த மூலைப் பக்கம் நான் திரும்பவில்லை.

துப்பு என் வீட்டுக்காரரால் கிடைத்தது, அதுவும் அவருக்கே தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த லேப்டாப்பில் கிரிக்கெட் பார்த்தார். மதியம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடியது. அடிப்பக்கம் தொட்டால் சுட்டது. ஆனாலும் ஒரு முறைகூட அணையவில்லை. மறுநாள் காலை, ஆறிப்போய் இருந்த மெஷினில் டிசைன் சாப்ட்வேரைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

சூட்டுக்கு மாட்ச் எது, மணமக்கள் படம் எது என்று எப்படித் தெரியும்?

யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். மெஷின் ஒவ்வொரு முறை அணையும்போதும் காரணத்தை உள்ளே ஓர் இடத்தில் குறித்து வைக்கும் என்று ஒருவர் ஒவ்வொரு படியாகக் காட்டினார். கரண்டு போய் அணைந்தாலோ சூட்டில் அணைந்தாலோ, எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று இருக்குமாம். என்னுடையதைத் திறந்து பார்த்தேன். எதிர்பாராமல் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே கட்டளை கொடுத்து அணைத்தவை. கட்டளை கொடுத்த இடத்தில் நான் புதிதாக வைத்த என் பெயர் இல்லை, விழுப்புரம் கடையின் பெயர் இருந்தது.

அடுத்து, மெஷின் தானாகச் செய்ய வேண்டிய வேலைகளை வைக்கும் இடத்தைத் திறந்தேன். அங்கே பிரிண்டருக்கானது போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒன்று இருந்தது. உள்ளே சில வரிகள்தான். டிசைன் சாப்ட்வேர் திறந்திருக்கிறதா என்று பார்; திறந்திருந்தால் கொஞ்சம் பொறு; பிறகு எதையும் சேமிக்காமல் ரீஸ்டார்ட் செய். அதை வைத்த தேதி, நான் வேலையை விட்ட நாளுக்கு முந்தின நாள். அந்த வரிகள் இருந்த கோப்பின் பெயர் முடிவில் "ஓகே ஃபைனல் 2" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. கடையில் ஒரே ஒருவன்தான் எல்லாக் கோப்புக்கும் அப்படிப் பெயர் வைப்பான். அதற்காக அவனை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. ரயில் நிலையம் வரை அந்தப் பையைத் தூக்கி வந்தானே, அப்போது என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பான்? என் சீட்டு காலியாகக் கிடக்கிறது என்றாரே முதலாளி, அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் இரண்டு பேரும் சிரித்திருப்பார்களா?

"போலீஸ்ல சொல்லலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம்."

"அழிச்சுட்டு வேலையப் பாரு அப்ப."

"அழிக்க மாட்டேன்."

அதை நிறுத்தி மட்டும் வைத்தேன். லேப்டாப் குழந்தைபோல ஒழுங்காக ஓடியது. வேலைகள் வந்தன, முடிந்தன. ஆனால் மாவு அரைக்கும்போதும், துணி உலர்த்தும்போதும், பிரஸ்ஸில் காத்திருக்கும்போதும் நான் விழுப்புரத்துக் கடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்ன பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளிக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் தலை குனிவது. அதற்கு ஐப்பசி வரவேண்டும். முகூர்த்த நாள் நெருக்கத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. சுவரில் ஒரு பெரிய டிவி உண்டு. டிசைனை அதில்தான் எல்லாருக்கும் காட்டுவார்கள்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலையில், நிறுத்தி வைத்திருந்த அதை மறுபடி ஓட விட்டேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

நான் நினைத்ததைவிடக் கூட்டம் அதிகம். காணை என்ற ஊரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அப்பா, உறவுக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்து கல்யாண பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானார்.

"வாம்மா வா! இன்னா, கடை எப்பிடி ஓடுது?"

"லேப்டாப்புதான் ஓட மாட்டேங்குதுண்ணே. நீங்க குடுத்ததாச்சே, நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னு வந்தேன். டிவில போடட்டா?"

எல்லாரும் பார்க்கும்போது மறுக்க முடியாது. நானே ஒயரைச் சொருகினேன். டிசைன் சாப்ட்வேரைத் திறந்தேன். அவன் தன் நாற்காலியில் இருந்து திரும்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

நான் காணைக்காரரிடம் பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தேன். டிவி கறுப்பானது.

"பாத்தீங்களாண்ணே? இதான்."

"சூடாயிருக்கும்மா. போர்டு கம்ப்ளைண்டு," என்றார் முதலாளி.

"இல்லண்ணே." மெஷின் வந்ததும் அந்த வரிகளைத் திறந்து டிவியில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு வரிக்கும், பேனரில் பிழை பார்க்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டுவோமே, அந்தக் குரலில் அர்த்தம் சொன்னேன். வைத்த தேதியைச் சொன்னேன். கடைப் பெயரைச் சொன்னேன். பெரிய எழுத்தில் அது டிவியிலேயே இருந்தது.

காணைக்காரர்தான் கேட்டார்: "அப்டின்னா, வேணும்னே வெச்சிருக்காங்களா? யாரு வெச்சது?"

"எனக்கு இன்னாங்க தெரியும்?" முதலாளி அவனைக் காட்டினார். "மெஷினெல்லாம் அவன்தான் பாக்குறான். அவனத்தான் கேக்கணும்."

அவன் எழுந்தான்.

"நீங்கதானண்ணே சொன்னீங்க? ஆறு மாசத்துல அது கடைய மூடிட்டு இங்கயே திரும்பி வரணும், அதுக்கு எதுனா பண்ணுடான்னு. நான் வேணாம்னு சொன்னனா இல்லியா?"

"டேய், வாய மூட்றா!"

காணைக்காரர் மேசையில் இருந்த தன் பென்டிரைவைப் பிடுங்கி எடுத்தார். "எங்க பொண்ணு போட்டோ எல்லாம் உங்க மெஷின்ல கெடக்குது. மொதல்ல அத அழிங்க. என் கண்ணு முன்னாடி அழிங்க." அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், எங்களுடையதையும் அழியுங்கள் என்றார். பிறகு இன்னொருவர். முதலாளி ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கழுத்தெல்லாம் வேர்வை.

நான் ஒயரைப் பிடுங்கி நிதானமாகச் சுற்றினேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பஞ்சாமிர்தம் தின்றது போல இருந்தது. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முண்டியம்பாக்கம் தாண்டும் வரை நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கடை மூடிவிடவில்லை, ஆனால் அந்தக் கல்யாண சீசன் அவருக்குப் போனது. விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூர் பக்கத்திலிருந்து கூட எனக்கு வேலை வந்தது. அவனை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டும் எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை.

மார்கழியில் ஒரு மதியம் அவன் என் கடை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"அக்கா."

நான் வா என்று சொல்லவில்லை. "இன்னா?"

"வேலை கேக்க வரலக்கா. அத எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"இன்னொண்ணு இருக்குதுக்கா." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மொதல்ல வெச்சது மாட்டிக்கினா இருக்கட்டும்னு வேற எடத்துல வெச்சேன். தை பொறந்தாத்தான் ஓடும். சொல்லாம இருக்க முடியல."

தை மாதத்துக்கு என் கையில் அப்போதே எத்தனை கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, அவனை அறைய வேண்டும் போல இருந்தது. நாற்காலியைத் தள்ளினேன். அவன் உட்கார்ந்தான். அவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கோ ஆழத்தில், எழுத்துரு வைக்கும் இடத்தில் ஒளித்து வைத்திருந்தான். எடுத்தான். எனக்குக் காட்டினான். அழித்தான்.

"அவ்ளோதான்கா."

"நான் எப்பிடி நம்புறது?"

மேசை மேல் என் சாப்பாட்டு டப்பா இருந்தது. அவன் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். மணி சாப்பாட்டு வேளைதான். நான் டப்பாவை எடுத்துக் கீழே, என் கால் பக்கம் வைத்தேன். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தான்.

அன்றைக்கே டிசைன்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, லேப்டாப்பை முழுக்கத் துடைத்து, எல்லா சாப்ட்வேரையும் புதிதாகப் போட்டேன். சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்களில் பாதி போயிற்று. போகட்டும் என்று இருந்தேன். அவன் அழித்ததால் சரியானதா, நான் துடைத்ததால் சரியானதா என்று தெரியாது. அதற்குப் பிறகு அது தானாக அணைந்ததில்லை.

போன மாதம் விழுப்புரம் ஜங்ஷனில், எதிர் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். புதுச்சேரியில் ஏதோ பிரஸ்ஸில் இருக்கிறானாம். என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினான். நான் செல்போனை எடுத்து, வராத ஒரு அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டேன்.