எட்டாம் நம்பர் ஜெர்சி

எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்த பெரிய பாவம் பெர்மனென்ட் வேலையை ராஜினாமா செய்வது. அந்தப் பாவத்தைத்தான் சித்தப்பா செய்தார்.

அப்பா கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகி, கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் தம்பியையும் வரவழைத்துக்கொண்டார். சித்தப்பாவுக்குப் படிப்பு சுமார். கையில் ஹாக்கி மட்டை இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அப்பா யார் யாரையோ பார்த்து, எத்தனையோ வராந்தாக்களில் கால் கடுக்க நின்று, விளையாட்டுக்காரர்களுக்கான இடத்தில் தன் ஆபீஸிலேயே அவருக்கு வேலை வாங்கித் தந்தார். மூன்றே வருடம். பம்பாயில் ஒரு மில் டீமுக்கு ஆடக் கூப்பிட்டார்கள் என்று சித்தப்பா ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் சத்தம். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகத் தெரிந்தது. கொடியில் அவருடைய பச்சை ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் எட்டாம் நம்பர். அவசரத்தில் அதை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கும் அப்போது எட்டு வயதுதான். அந்த நம்பரே என்னை உத்தேசித்துத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. சித்தப்பாதான் சாயங்காலமானால் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவது என் உத்தியோகம். அவர் போன பிறகு சாயங்காலங்கள் மிக நீளமாக இருந்தன. வாசல்படியில் உட்கார்ந்து எந்த சைக்கிள் மணி கேட்டாலும் நிமிர்ந்து பார்ப்பேன். ஜெர்சி இங்கே இருக்கிறது, அதை எடுக்கவாவது வந்துதானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

அப்பாவின் கணக்கு வேறாக இருந்தது. கொடியில் ஜெர்சியைப் பார்த்ததும் அம்மாவிடம், "அதத் தரை தொடைக்கப் போடு. அவனத் தலை முழுகியாச்சு. இனிமே இந்த வீட்டுல அவன் பேச்சு வரக் கூடாது" என்றார்.

டெல்லியில் பிறந்து இந்தியில் படித்த எனக்குத் தமிழ் அரைகுறை. அப்பா சொன்னதில் கடைசி வாக்கியம் பயமாக இருந்தது. ஆனால் நடு வாக்கியம் சந்தோஷமாக இருந்தது. தீபாவளிக்குத் தலை முழுகுவோம், பிறந்தநாளுக்கு முழுகுவோம். இந்த டிசம்பர் குளிரில் அப்பா சித்தப்பாவுக்காகத் தலை முழுகியிருக்கிறார் என்றால் கோபமெல்லாம் சும்மா வாய்க்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் ஜெர்சியை எடுத்து என் ரஜாய்ப் போர்வைக்குள் ஒளித்துவைத்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. அப்பா ஒரு வாரம் டூர் போன அன்று, "கெளம்புட்டி, இத கண்ணாடிக்குள்ள போட்டுருவோம். கண்ணாடிக்குள்ள போயிட்டா சாமி படம் மாதிரி. யாரு கையும் நீளாது" என்றாள்.

மார்க்கெட்டின் பின்வரிசையில் இருந்த ஃபிரேம் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான பஞ்சாபிக்காரர். அம்மாவின் இந்தி மூன்றே சொல்: சரிக்கு அச்சா, சீக்கிரத்துக்கு ஜல்தி, அண்ணனுக்கு பையா. மற்றதெல்லாம் நான்தான். கடைக்காரர் ஜெர்சியைப் புரட்டிப் பார்த்தார். சட்டையை யாராவது ஃபிரேம் போடுவார்களா என்று கேட்டார். பிறகு தானே யோசித்து, அட்டையில் வெள்ளைத் துணியை ஒட்டி அதன்மேல் ஜெர்சியை நூலால் தைத்துவிடலாம், கண்ணாடி துணியில் படாமல் இருக்க ஆழமான ஃபிரேமாகச் செய்யலாம் என்றார். எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்றார். நம்பர் தெரிகிற பக்கம் என்றேன்.

"யாருடையது?"

"சித்தப்பாவுடையது. போய்விட்டார்" என்று இந்தியில் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். என்ன வயது என்றார். இருபத்தைந்து என்றேன். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து, பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: அப்பா அவருக்காகத் தலை முழுகிவிட்டார்.

கடைக்காரர் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். மேலே விரலைக் காட்டி, அவன் சித்தம், நாம் என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அம்மாவும் சிரித்த முகமாகக் கைகூப்பி, "அச்சா, அச்சா பையா. ஜல்தி" என்றாள். அவர் அம்மாவையே ஒரு நிமிடம் பார்த்தார். என் தலையைத் தடவி ஒரு மிட்டாய் கொடுத்தார். டெல்லிக் கடைக்காரர்களில் இவ்வளவு நல்லவர் உண்டா என்று வழி நெடுக எனக்கு ஆச்சரியம்.

ஆறாம் நாள் காகிதம் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தோம். சுருக்கமே இல்லாமல், கைகள் இரண்டும் லேசாக விரிந்து, சித்தப்பா எங்களுக்கு முதுகு காட்டி நிற்பது போலவே இருந்தது ஜெர்சி. அதைச் சுற்றி, கண்ணாடிக்கு உள்ளேயே, ஒரு சந்தனச் சீவல் மாலை. நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே போட்டிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தவர்களுக்கு மாலை போடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகம் மட்டும் சரியில்லை. "இந்த ஊரு வழக்கம் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாலைக்கு மேலே கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா டூரிலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு ஷூவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு போட்ட மாலை இது?"

மிட்டாய் வாங்கியவள் நான்தானே, நானே முந்திக்கொண்டேன். "கடைக்காரர் போட்டாருப்பா. நான் உள்ளதத்தான் சொன்னேன். சித்தப்பா போயிட்டாங்க, நீங்க தலை முழுகிட்டீங்கன்னு. அவரு எனக்கு மிட்டாய் குடுத்தாரு."

அடி விழும் என்று நினைத்தேன். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஃபிரேமை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்தார். குறடு எடுத்துவந்து பின்னாலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆபீஸ் கோப்புகளை அவ்வளவு நிதானமாகப் புரட்டுகிற மனிதருக்கு அன்று குறடு இரண்டு தடவை வழுக்கியது. கட்டைவிரலில் ரத்தம். மாலையை உருவினார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாலை போனதில் எனக்கு ஒரே அழுகை. ஃபிரேமிலேயே அழகான சாமான் அதுதான்.

அம்மா அடுக்களைக்குள் போனாள். துவரம்பருப்பு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து, பருப்பைத் தட்டிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். பம்பாய் விலாசம். அது எப்போது வந்தது என்று அப்பா கேட்கவில்லை.

அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் மடியில் உட்காரும் வயதைத் தாண்டியிருந்தேன்.

"சித்தப்பா நல்லா இருக்காந்தாயி" என்றார்.

தெரியும் என்றேன்.

"பம்பாய்லதான் இருக்கான். நல்லாத்தான் இருக்கான்."

எனக்கு அலுப்பாக இருந்தது. சித்தப்பா நன்றாக இல்லை என்று யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அந்த மாலை. இதையே எதற்குத் திரும்பத் திரும்ப என்னிடம் சொல்கிறார் என்று விளங்காமல், அவர் கையிலிருந்த மாலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அப்பா விடவில்லை.