ஷெல்லுக்குச் சத்தம் போடுற வேலை

சவுண்ட் எடிட்டர் எண்டால் சனத்தைப் பயப்படுத்திச் சம்பளம் வாங்குறவன். என்ரை கரைச்சல் என்னெண்டால், நானே ஒரு பயந்தாங்கொள்ளி.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலை ஒரு சீலைக்கடைக்கு மேலை என்ரை ஸ்டூடியோ. கலியாணவீட்டு வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ எண்டு நிம்மதியா இருந்தன். அப்பதான் ஜெர்மனியிலை வளந்து இஞ்சை வந்த அகிலா எண்ட பிள்ளை, போர் வேண்டாமெண்டு சொல்லுற படம் ஒண்டை இயக்கிக்கொண்டு, அதுக்குச் சத்தம் போட்டுத் தரச்சொல்லி வந்தா. வன்னியிலை ஷெல்லடிக்குள்ளை பங்கர்க் குழிக்குள்ளை கிடக்கிற ஒரு தாயின்ரை கதை. ஏலாதெண்டு சொல்ல நான் வாய் திறக்கமுதல், என்ரை மனுசி வதனி ஓமெண்டு சொல்லிப்போட்டா.

நான் சண்டை முத்துறதுக்கு முதலே வெளிக்கிட்டு வந்தவன். வதனி கடைசிமட்டும் வன்னியிலை நிண்டவ. லண்டனிலை வாணவெடி கொளுத்துற நாளிலை வாஷிங் மெஷினையும் டிவியையும் ஒண்டாப் போட்டுவிட்டுக் குசினிக்குள்ளை நிப்பா. தியேட்டர்ப் பக்கமே போகாத அவ என்னைப் பாத்துச் சொன்னா: "உங்கடை பேர் வாற படம். நான் வந்து முழுக்க இருந்து பாப்பன்."

அண்டைக்குத் துவங்கினது நடுக்கம். அவ எழும்பி ஓடாத மாதிரி நான் ஷெல்லடிக்கவேணும். வீட்டிலை இப்பிடி ஒராளை வைச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லி விளங்கவேண்டியதில்லை.

சீலைக்கடையிலை ஷெல்லடி

உண்மையான வெடியை மைக்கிலை பிடிச்சால் சீனவெடி மாதிரித்தான் கேக்கும். அதாலை நாங்கள் கள்ளவேலை செய்யிறது. இரும்பு அலுமாரிக் கதவை ஓங்கி அடிச்சு, அந்தப் பதிவை மெதுவா ஓடவிட்டு, தகரத்திலை மண் கொட்டுற சத்தத்தைப் பின்னாலை ஒட்டினன். ஸ்பீக்கரிலை போட்டுப் பாக்கேக்கை ஜன்னல் திறந்திருந்ததைக் கவனிக்கேல்லை.

கடை முதலாளி செல்வம் அண்ணை படியிலை மூச்சிரைக்க ஏறி வந்தார். ஏச்சு விழப்போகுதெண்டு நிண்டன். அவர் ஏசேல்லை, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டார்: "தம்பி, உன்ரை சண்டை எப்ப முடியும்? கூறை எடுக்க வந்த கலியாணப் பொம்பிளையின்ரை தாய் மேசைக்குக் கீழை பூந்தவ, இன்னும் வெளியாலை வாறா இல்லை."

வடிவான புகை

கமராக்காரன் ஜெகன் கெட்டிக்காரன். ஷெல் விழுந்த ஊரை ட்ரோனாலை எடுத்திருந்தான். பனைக்கு மேலாலை வழுக்கிக்கொண்டு போகுது கமரா. அந்திவெயிலிலை புகை தங்கமா மினுங்குது. ஐயோ, அவ்வளவு வடிவு! நான் அதுக்கு ஒரு வயலினே போட்டிட்டன்.

அகிலா பாத்திட்டு இரண்டையும் வெட்டச் சொன்னா. ஜெகனுக்கு முகம் கறுத்துப்போச்சு. பிறகு அவனே கமராவைத் தோளிலை தூக்கிக்கொண்டு படத்துக்கு வெட்டின பங்கருக்குள்ளை படுத்தான். அந்தத் தாயின்ரை முகமும் ஒரு பிடி மண்சுவரும்தான் திரையிலை தெரிஞ்சது, அதுவும் அவனுக்கு மூச்சு வாங்க வாங்க ஆடிக்கொண்டு. வெளியிலை என்ன நடக்குதெண்டு கண்ணுக்குத் தெரியாது, காதாலைதான் தெரியவேணும். இனி எல்லாம் என்ரை பொறுப்பு. அகிலா ஜெகனுக்குச் சொன்னது இதுதான்: "மேலையிருந்து பாத்தால் எல்லாம் வடிவுதான் அண்ணை. குண்டு போட்டவனும் அங்கையிருந்துதான் பாத்தவன்."

நெஞ்சிலை அடிச்ச பேஸ்

அகிலாவின்ரை மச்சான்மார் இரண்டு பேர், இஞ்சை பிறந்த பெடியள், ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தவை. ஷெல் விழுற இடத்திலை நான் பேஸை, நெஞ்சு அதிர்ற அந்த அடிச்சத்தத்தை, நல்லாக் கூட்டி வைச்சிருந்தன். கதிரை அதிர்ந்தது. பெடியள் கை தட்டினாங்கள். அழுவாங்கள், பயப்படுவாங்கள் எண்டு பாத்தால் விசில் அடிக்கிறாங்கள்! இவ்வளவு கஷ்டப்பட்டுச் சண்டைக்கு ஆள் சேக்கிறனோ எண்டு ஸ்பீக்கரை நிப்பாட்டிப்போட்டன். அவங்கள் சொன்னதை அப்பிடியே எழுதுறன்: "அங்கிள், செம! அந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ."

வெட்டி எடுத்த வெடி

அண்டைக்கே வெடிச்சத்தத்தை முழுசா எடுத்துப்போட்டன். பெடியளும் விசிலடிக்க ஏலாது, வதனியும் பயப்படத் தேவையில்லை. ஷெல்லைத் தூரத்திலையிருந்து ஏவேக்கை மெல்லிசா ஒரு "டும்" கேக்குமே, வன்னிச்சனம் "குத்திட்டான்" எண்டு சொல்லுற சத்தம், அதை மட்டும் விட்டன். அதுக்குப் பிறகு தாயின்ரை முகம். ஒரு சத்தமும் இல்லை. பிறகு காலமை வெளிச்சம், காகம். அகிலாவுக்குக் கண் கலங்கிட்டுது. "அண்ணை, இதுதான் படம். இனி ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

எட்மண்டன் மண்டபம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டன் எட்மண்டனிலை ஒரு மண்டபத்திலை முதல் காட்சி. வதனி எனக்குப் பக்கத்திலை. சத்தமில்லாத இடம் வரட்டும், ஆள் ஆறுதலா இருப்பா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

"டும்" கேட்டுது. மண்டபத்திலை இருந்த பாதிச்சனம் தலையைக் குனிஞ்சு, காதைப் பொத்தி, வாயைத் திறந்தினம். செவிப்பறை கிழியாமல் இருக்க வன்னியிலை பழகின பழக்கம். திரையிலை விடிஞ்சு காகம் கத்துது, ஒருத்தரும் நிமிரேல்லை. வதனியின்ரை நகம் என்ரை கைக்குள்ளை இறங்கிட்டுது. படம் முடிஞ்சு ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுக்கேக்கை ஒரு ஐயா என்னட்டை வந்து கேட்டார்: "தம்பி, அது ஆரின்ரை வீட்டிலை விழுந்தது?"

விழுத்திப்போட்டு வாங்கோ

வீட்டுக்கு வந்தும் வதனி சப்பாத்தைக் கழட்டேல்லை, கோட்டைக் கழட்டேல்லை, நடையிலை சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டா. "வெடியைத்தான் எடுத்துப்போட்டனே, பிறகென்னப்பா பயம்?" எண்டு கேட்டன்.

"வெடிச்சாத்தானே ஆர் தப்பினது எண்டு தெரியும். குத்தின சத்தத்துக்கும் விழுற சத்தத்துக்கும் நடுவிலைதான் நாங்கள் அவ்வளவு காலமும் கிடந்தனாங்கள். நீங்கள் எங்களைத் திரும்ப அதுக்குள்ளை கொண்டுபோய் விட்டிட்டுக் கதவைப் பூட்டிப்போட்டியள்."

அகிலாவுக்கு ஃபோன் அடிச்சு, வெடியைத் திரும்பப் போடப்போறன் எண்டு சொன்னன். அவவும் சரி அண்ணை எண்டா. கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வெளிக்கிட்டன். வதனி கதவடியிலை நிண்டு சொன்னா: "கெதியாப் போய் அந்த ஷெல்லை விழுத்திப்போட்டு வாங்கோ. நான் படுக்கவேணும்."

போர் வேண்டாமெண்டு எடுத்த படத்திலை, மனுசி நித்திரை கொள்ளவேணும் எண்டதுக்காக என்ரை கையாலையே ஒரு ஷெல்லைப் போட்டு, அது நல்லாக் கேக்குதோ எண்டு வேறை இருந்து பாத்த ஆள் நான்.