கோணி போர்த்திய செவந்தி

எங்கள் வீட்டுச் செவந்தியைப் போல அழுத்தக்காரச் செடியைத் தலத்தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டியே தெரியாமல் தழைத்து நிற்கும். மொட்டு மட்டும் வைக்காது. "பேசாம கீரையா கடைஞ்சுடலாமா?" என்று அப்பா கேட்பார். அத்தைக்கு முகம் சுண்டிவிடும்.

அது அத்தைக்கு மாமா வாங்கித் தந்த செடி. அவருக்குப் பிரான்சில் வேலை. கல்யாணமான பிறகு இரண்டாம் முறை விடுப்பில் வந்தபோது, மாங்கனித் திருவிழாக் கடைகளில் எல்லாரும் வளையல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு செவந்திக் கன்றை வாங்கி வந்தார். எங்கள் மண்ணில் உப்பு அதிகம் என்பதால் தொட்டியில் வைத்து, வாசல் விளக்குக்குக் கீழே நிறுத்தினார். கிளம்பும் அன்று, "இது பூக்குறப்ப நான் இங்க நிப்பேன். அடுத்த தடவ உன்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்று அத்தையிடம் சொன்னார். எனக்கு இருபத்துநாலு நிறப் பென்சில் என்று பேச்சு. கடவுச்சீட்டு வேலை முடியும்வரை அத்தை எங்கள் வீட்டில் இருப்பதாகக் கல்யாணத்தின்போதே ஏற்பாடு.

அத்தை அந்தச் செடிக்குச் செய்த பணிவிடையை எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் அரையடி வளர்ந்திருப்பேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவாள். பக்கக்கிளை வெடிக்கட்டும் என்று நுனி கிள்ளிவிடுவாள். தையில் அடியோடு அறுத்துவிடுவாள். வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பும், கூடவே நம்பிக்கையும் கிளம்பும். அதே கடையில் அடுத்த தெருக்காரர்கள் வாங்கிய கன்று மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. எங்களுடையது அந்த வருடமும் பூக்கவில்லை, மறுவருடமும் பூக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்த மாமாவின் போன், பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆகிவிட்டது. "எப்ப வர்றாராம்?" என்று யாராவது கேட்டால், "செவந்தி இன்னும் பூக்கலையே" என்று அத்தை சிரித்துச் சமாளிப்பாள். நான் அதை அப்படியே நம்பினேன். பூத்தால் மாமா வருவார். மாமா வந்தால் பென்சில் வரும்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில், தள்ளுவண்டியில் பூச்செடி விற்பவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வாசலில் நின்றார். செடியைப் பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார்.

"இந்த லைட்டு ராவெல்லாம் எரியுதா பாப்பா? அப்புறம் எங்கேருந்து பூக்கும்? செவந்தி இருட்டுலதான் மொட்டு கட்டும்."

எரியத்தான் செய்தது. முதல் விடுப்பில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் விடியுமுன் வந்து, வாசற்படி தடுக்கிக் கால்நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். அவர் பிரான்சுக்குத் திரும்பிய நாளிலிருந்து, அந்தியில் போடும் விளக்கை அத்தை விடிந்த பிறகுதான் அணைப்பாள். அணைக்கச் சொன்னால் கேட்கமாட்டாள் என்று எனக்கே தெரியும். அதனால் பரணில் கிடந்த கோணியை எடுத்தேன். தொட்டியில் நாலு குச்சி நட்டு, சாயங்காலம் செடியைப் போர்த்தினேன். பள்ளிக்குப் போகுமுன் எடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, "சாரல் அடிக்குதுல்ல அத்தை" என்றேன்.

கார்த்திகையில் பட்டாணி பட்டாணியாக மொட்டு வந்தது. மார்கழியில் ஒரு காலை கோணியைத் தூக்கினால், பூ! என் கூச்சல் கேட்டுக் கோலமாவுக் கையோடு அத்தை ஓடிவந்தாள். ஒரு பூவைக் கிள்ளாமல் இரண்டு விரலுக்கிடையில் பிடித்தபடி நின்றாள்.

"மாமாவுக்குப் போன் பண்ணுங்க அத்தை!" என்று குதித்தேன். வெற்றிக் களிப்பில் விளக்கு, கோணி எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அப்ப இத்தன நாளா நாந்தான் பூக்க விடலையாடி?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பொங்கல்வரை பூ நின்றது. தெருவே வந்து பார்த்தது. அத்தை இரண்டு முறை போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாமா வரவில்லை.

கடைசிப் பூவும் கருகிய அன்று அந்தியில் வாசல் விளக்கு எரியவில்லை. போடப் போன அம்மாவை அத்தை தடுத்தாள்.

"வேணாம் அண்ணி. இருக்கட்டும்."

அம்மா உள்ளே போய்விட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒருவழியாக அத்தைக்கும் செவந்தியின் குணம் புரிந்துவிட்டது, அடுத்த வருடம் இன்னும் நிறையப் பூக்கும் என்று நினைத்தேன். இனி எனக்கும் வேலை மிச்சம் என்று கோணியை நன்றாக உதறி, மடித்துப் பரணில் போட்டேன்.