அரூருக்கு வந்த கப்பல்

அரூரில் எங்கள் இசை மன்றம் இருந்த இடம் பழைய புளி மண்டி. மூட்டைகளை அள்ளிவிட்டு வெள்ளையடித்த பிறகும் வாசனை போகவில்லை. பாட வாயைத் திறந்தால் முதலில் எச்சில்தான் ஊறும். எண்பதுகளில், கல்யாணத்துக்கு முன்னால், அங்கே பாடிய ஒரே பெண் நான்.

மன்றத்துச் செயலாளர் எப்போதோ சென்னைத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். மேடையின் பின்சுவரில் துறைமுகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லாரிகளுக்கும் கடைகளுக்கும் படம் வரையும் பாய் ஒருவரும், எழுத்து வேலை மட்டும் செய்யும் அவருடைய மச்சானும் வந்தார்கள். இருவரும் கடலைப் பார்த்ததில்லை, ஒகேனக்கலைப் பார்த்திருந்தார்கள். ஆகவே எங்கள் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பரிசல் மிதந்தது. கரையில் ஒரு அம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் முணுமுணுத்தார்.

"கப்பல்ல வர்றவங்களுக்குப் பசிக்காதுங்களா?" என்றார் பாய். மீன் அப்படியே இருந்துவிட்டது.

கப்பலுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மச்சானுக்கு அந்தச் சுவரில் இருந்த ஒரே வேலை அதுதான். பெயர் முடிவாகாமல் கப்பலின் பக்கவாட்டுப் பகுதி வெறுமையாகவே கிடந்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

கப்பலின் மேல்தளத்தில் மன்றத்துக்காரர்கள் எல்லாரும் நிற்பதாக வரைய ஏற்பாடு. என் அப்பா குறுக்கே விழுந்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"பாடட்டும். மூஞ்சியும் பேரும் செவுத்துல வரக்கூடாது. வந்துச்சுன்னா பாட்டே வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தபேலாக்காரரின் தொந்திகூடச் சுவரில் ஏறிவிட்டது, எனக்கு மட்டும் இடமில்லை. ஆனாலும் பாட்டை விட மனசில்லை. அப்பா சொன்னதைப் பாயிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

பாய் கப்பல் முனையில் ஒரு பெண்ணை முதுகு காட்டி நிற்க வைத்தார். முகமில்லை, பெயருமில்லை. ஆனால் ஒரு கை பின்னால் வந்து சடை நுனியைப் பிடித்திருந்தது. ஒரு குதிகால் தூக்கியிருந்தது. பாடும்போது நான் அப்படித்தான் நிற்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்காமலே என் பெயரைச் சொன்னார்கள். சந்தோஷம் தாங்கவில்லை, அப்பா பார்த்தால் பாட்டே நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை அப்பா வந்தார். சுவர் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இது எங்க புள்ளதானுங்களே?"

"மூஞ்சி போடலீங்கண்ணா. பேரும் போடலீங்க. நீங்க சொன்னபடிதானுங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"கேக்க வர்ற சனங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறா. அது மரியாதை இல்லீங்க பாய். திருப்பி வைங்க."

முழு ஆளையும் திருப்ப நேரமில்லை. பாய் தலையை மட்டும் திருப்பினார். உடம்பு கடலைப் பார்க்க, முகம் நேராக அரூரைப் பார்த்தது. அந்தக் கழுத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் முகம் என் முகம், மூக்குத்திகூட விட்டுப்போகவில்லை.

மறுநாள் என் முதல் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அப்பா எழுந்தார். மேடையோரம் நின்ற மச்சானிடம் போனார்.

"கப்பல்ல எடம் காலியாத்தானுங்களே இருக்குது?"

"ஆமாங்கண்ணா. பேரு முடிவாகலீங்க."

"முடிவாயிருச்சு. எங்க புள்ள பேரை எழுதுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

இதற்காகவே காத்திருந்தவர்போல மச்சான் பெயிண்ட் டப்பாவோடு மேடையேறினார். நான் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டேன். கூட்டத்துக்கு முதுகு காட்டுவது மரியாதை இல்லை என்று அப்பாவே சொல்லியிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்த அப்பா, என் முதுகுக்குப் பின்னால் விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் என் பெயர் எழுதி முடிந்ததைத் தெரிந்துகொண்டேன்.