பிசையாத சோறு

ஜெனிக்கு முதல் தடவை வயிறு வலித்தபோது அதைக் காற்று என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மலேசியாவின் பாடாங் மேஹாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. என் கணவர் ராயப்பன் அந்தப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இரண்டாவது தடவை வலி வந்தபோது கேஸ்திரிக் என்று மருந்து வாங்கினோம். மூன்றாவது தடவை வாந்தி நிற்கவே இல்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இவர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: கணைய அழற்சி (இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமானச் சாறு சுரக்கும் கணையம் வீங்கிப் புண்படுவது).

அதன் பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தது. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. அடிக்கடி வீங்கியதில் கணையம் தழும்பேறி, போதுமான நொதி (உணவை உடைத்துச் செரிக்க வைக்கும் பொருள்) சுரக்கவில்லை, அதை மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்று மலாயில் விளக்கினார். சில பிள்ளைகளுக்கு வலி வருவதும் குறையலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். மருந்தைப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கிறார்கள், சம்மதமா என்றும் கேட்டார்.

"கிறிஸ்மஸ் கறியே நமக்கு அதான லா," என்று இவர் என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டியிருக்கும். ஜெனிக்கு மலாய் நன்றாகவே புரியும். வீடு வரும்வரை மூக்கைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள்.

அன்று நான் அழுதுகொண்டிருந்த ஜெனியோடு இருந்ததால், மருந்து வாங்கப் போனவர் இவர். "கேப்சூல தொறந்து சாப்பாட்டுல போட்டு குடுக்கணுமாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூடவே கொடுத்த தாளை மடித்து லாரிக்குள் வைத்துவிட்டார்.

போட்டுக் கொடுத்தேன். சுடச்சுடக் குழைந்த சோறு, பருப்புத் தண்ணி, மேலே கேப்சூலுக்குள் இருந்த குட்டிக் குட்டி மணிகள். நோயாளிப் பிள்ளையாயிற்றே என்று ஒரு பருக்கை தெரியாமல் மசித்துப் பிசைந்து உருண்டை பிடித்து ஊட்டினேன். மணிகள் விரலில் நசுங்குவது தெரியும். நன்றாகக் கலக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். என்ன புத்தியோ எனக்கு!

ஒரே வாரத்தில் "வாய் எரியுதும்மா," என்றாள். மிளகை நிறுத்தினேன். உப்பைக் குறைத்தேன். உதட்டு ஓரத்தில் புண் வந்தது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். என் விரல் நுனிகளும் தோல் உரிந்தன. பாத்திரம் கழுவும் சோப்பைத் திட்டினேன்.

மறுபடி மருந்து வாங்க இந்த முறை நானே ஜெனியோடு போனேன். மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். ஜெனியின் வாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மருந்த எப்படி குடுக்குறீங்கக்கா? செஞ்சு காட்டுங்க."

மேசைமேல் இல்லாத சோற்றைப் பிசைந்து காட்டினேன். அவள் என் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள்.

"பிசையக் கூடாதுக்கா. ஒவ்வொரு மணிக்கும் மேல ஒரு பூச்சு இருக்கு. அது இரைப்பைய தாண்டி குடலுக்கு போயித்தான் கரையணும். நசுக்கினாலும் கெட்டுப் போயிரும், சூட்டுல போட்டாலும் கெட்டுப் போயிரும். அந்த மருந்து சோத்த செரிக்கல. பிள்ளை வாயையும் உங்க விரலையும்தான் செரிக்கப் பாத்திருக்கு."

அங்கேயே அழுதுவிட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆறிய, கொஞ்சம் புளிப்பான ஆப்பிள் மசியலை ஒரு கரண்டி எடுத்து, மணிகளை அதன்மேல் தூவி, மெல்லாமல் விழுங்க வைத்து, உடனே தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். முதல் வாயில் பாதி, சாப்பாட்டின் நடுவில் பாதி. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெபத்தில் அவளை "மருந்துக்காரத் தங்கச்சி" என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கும் இந்த மருந்து எழுதியிருந்தால், கொடுக்கும் முறையைக் கேட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள். அவர்கள் முன்னால் கையால் செய்து காட்டுங்கள்.

வீட்டில் இவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். லாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "பாதிதான் கேட்டேன் மேரி. அங்க பிள்ள அழுதுகிட்டு இருந்தாளே," என்றார். அதற்குமேல் என்ன திட்டுவது? மறுநாளிலிருந்து ஆப்பிள் மசிப்பது அவர் வேலையாயிற்று.

புண் ஆறியது. பசி வந்தது. எடை பார்க்கும் நாளில் டாக்டர் முள்ளைப் பார்த்து, "குழாய் வேண்டாம்," என்றார். ஜெனி மூக்கிலிருந்து கையை எடுத்தாள். அதன் பிறகு வலி ஒரே ஒரு தடவை வந்தது, இரண்டு நாளில் அடங்கியது. இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை.

முதல் கரண்டி இறங்கிய பின் சோற்றைப் பிசையலாம் என்று அந்தப் பெண் சொல்லித்தான் இருந்தாள். எனக்குத்தான் கை வரவில்லை. நடுவில் கொடுக்கும் மணிகளில் ஒன்று சிந்தி விரலில் நசுங்கிவிடுமோ என்று பயம். ஜெனி கரண்டியால் சாப்பிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இப்போது நேரத்தைக் கடிகாரம் சொல்வதில்லை, முதல் வாய்தான் சொல்கிறது. யாராவது ஒரு பிஸ்கட் நீட்டினாலும் ஜெனியின் கை முதலில் மருந்துப் பைக்குள் போகும்.

ஒன்பது வயதில், கேப்சூலை முழுதாக விழுங்குவதற்காக, வேகவைத்த ஜவ்வரிசியை ஒவ்வொன்றாக விழுங்கி அவளே பழகினாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் முழுக் கேப்சூலை நாக்கில் வைத்துத் தண்ணீரோடு விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். ஒரு புண் இல்லை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சோத்துல இப்ப ஒண்ணும் இல்லம்மா. பிசைஞ்சு குடு."

என் விரல்கள் கொஞ்ச நேரம் சோற்றுக்கு மேலேயே நின்றன. அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். நான் பிசைந்தேன்.